கோணல் கதவும் ஒரு விண்ணப்பமும்

கலைக் கல்லூரிகளின் மாணவர் சேர்க்கைக் குழுவினருக்கு,

வணக்கம். எனக்கு வயது 54. ஓவியப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பித்து நேர்காணலுக்கும் போய்வந்தேன். "பொழுதுபோக்குக்கு என்றால் வார இறுதி வகுப்பு இருக்கிறதே" என்றார் குழுவில் ஒருவர். அன்பாகத்தான் சொன்னார். இந்த மடலைக் கோபத்தில் எழுதவில்லை. சரி, கொஞ்சம் கோபமும் உண்டு.

ஏன் இந்த வயதில் வருகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். வெள்ளத்தில் வீடிழந்த எங்கள் மக்கள் ஒரு கூடத்தில் தங்கியிருந்தார்கள். பிள்ளைகளுக்கென்று தாளும் பென்சிலும் கொண்டுபோனேன். பெரியவர்களும் வந்து உட்கார்ந்தார்கள். யாரிடமும் பேசாத முதியவர் ஒருவர் மூன்று நாள் குனிந்தபடி தன் வீட்டு வாசற்கதவை வரைந்தார். கதவு கோணலாக இருந்தது. உதவுவதாக நினைத்து, பென்சிலை வாங்கி அதை நேராக்கிக் கொடுத்தேன். தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்து போய்விட்டார். அப்புறம் அவர் வரவே இல்லை. அந்தக் கதவு உண்மையிலேயே கோணலாம். அவரே செய்து மாட்டியதாம்.

துயரத்தில் இருப்பவர்களை உட்கார்ந்து வரையவைக்கும் இந்த வேலைக்கு நல்ல மனசு போதும் என்று சொல்பவர்கள் நிறையப் பேர். எனக்கும் அது இருந்தது. அதை வைத்துக்கொண்டுதான் அந்தக் கதவைக் கெடுத்தேன்.

உங்களுக்குத் தெரிந்த பெயர்தான், ஃபிரீடல் டிக்கர்-பிராண்டைஸ். ஜெர்மனியின் பௌஹௌஸ் கலைப் பள்ளியில் படித்த ஓவியர். 1942 டிசம்பரில் நாஜிகளின் தெரேசின் முகாமில் அடைக்கப்பட்டபின், அங்கிருந்த பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்தார். பௌஹௌஸில் தான் கற்ற பயிற்சிகளையே அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். வரைந்த படத்தில் அவரவர் பெயரை எழுதச் சொன்னார். 1944இல் அவரை ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். பிள்ளைகள் வரைந்த சுமார் 4,500 படங்கள் இரண்டு பெட்டிகளில் தப்பின. அவருடைய மாணவி ஈடித் கிராமர் பின்னாளில் நியூயார்க்கில், வரைவதன் வழியே மனத்துயரை ஆற்றும் கலைவழிச் சிகிச்சையின் முன்னோடிகளில் ஒருவரானார். அந்த முகாமிலும் பெயர் எழுதச் சொன்னவர் ஃபிரீடல். நானோ, வரைந்துகொண்டிருந்தவரின் கையிலிருந்தே பென்சிலை வாங்கினேன். சொல்லிக்கொடுக்கவும் படித்திருக்க வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது.

படிக்காதவர்களும் செய்திருக்கிறார்களே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். 1973 ராணுவப் புரட்சிக்குப் பிறகு தென்னமெரிக்க நாடான சிலியில், காணாமல்போனவர்களின் தாய்மாரும் மனைவியரும் கந்தல் துணிகளைச் சாக்குத்துணியில் வைத்துத் தைத்துத் தங்கள் கதையைச் சொன்னார்கள். எந்தக் கல்லூரியும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. ஆனால் அவர்கள் தைத்தது தங்கள் துயரத்தை. நான் அடுத்தவர் துயரத்துக்குப் பக்கத்தில் போய் உட்காரப் போகிறவள்.

அதனால் சலுகை வேண்டாம். மற்றவர்களைப் போலவே எனக்கும் கோடும் வண்ணமும் களிமண்ணும் கண்டிப்பாகச் சொல்லிக்கொடுங்கள், மோசமாகச் செய்தால் தோல்வி போடுங்கள். கூடவே, எப்போது கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும் என்பதையும் பாடமாக வையுங்கள். ஒருவர் வரைந்ததைப் பிறருக்குக் காட்ட யாரிடம் அனுமதி கேட்பது, எந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு மனநல மருத்துவரிடம் அனுப்புவது, இதெல்லாம் எனக்குத் தெரியாது. தெரியாமலேயே அந்தக் கூடத்தில் மூன்று வாரம் இருந்தேன். இப்போது நினைத்தாலும் பயமாக இருக்கிறது.

வேலையையும் வீட்டையும் பார்த்துக்கொண்டு படிப்பவர்களுக்காகச் சில பாடங்களையாவது மாலையில் வைத்தால் நல்லது. பள்ளிக் காலப் படைப்புகளைக் கொண்டுவரச் சொல்லும் விதியையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். என் பள்ளி ஓவிய நோட்டைக் கரையான் தின்று பல வருஷமாகிறது.

அடுத்த முறையும் விண்ணப்பிக்கப் போகிறேன். அந்த நேர்காணலில் என் வயதை விட்டுவிட்டு அந்தக் கதவைப் பற்றிக் கேளுங்கள்.

இப்படிக்கு,
வார இறுதி வகுப்பு வேண்டாம் என்று சொன்ன விண்ணப்பதாரர்