நுனி முடிய வெட்டிக்கப் போறேன்டி

அன்புத் தோழிக்கு,

உன் லெட்டர் வந்து கொஞ்ச நாளாச்சு, உடனே பதில் போடணும்னு தான் நெனச்சேன், ஆனா ஒண்ணு மாத்தி ஒண்ணு வேலை வந்துகிட்டே இருந்துச்சு. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு படிச்சதும் ரொம்ப நிம்மதியா இருந்துச்சு, பிசியோ வலிக்குதுன்னு நடுவுல விட்டுடப் போறாங்க, நீ கூடவே நின்னு செய்ய வை. இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். பையன் காலேஜ்ல சேர்ந்துட்டான், ஹாஸ்டல்ல இருக்கான், அவர வேற ஆபீஸுக்கு மாத்திட்டாங்க அதனால காலைல சீக்கிரமே கெளம்பிடுறார், வீடு அமைதியா இருக்கு, எனக்கும் என்னைப் பத்தி யோசிக்க கொஞ்சம் நேரம் கெடைக்குது.

அப்படி யோசிச்சு எடுத்த முடிவு தான் இது. முடிய வெட்டிக்கப் போறேன்டி. பயப்படாத, மொத்தமா இல்ல, இடுப்புக்கு கீழ தொங்குற அடி முடி மட்டும், ஒரு அஞ்சாறு இன்ச் இருக்கும். எனக்கு இந்த முடி எவ்ளோ பிடிக்கும்னு என் வீட்ல இருக்குறவங்கள விட உனக்கு தான் நல்லா தெரியும், ஸ்கூல்ல எனக்கு பின்னி விட்டதே நீ தான், அதனால காரணத்தையும் உனக்கு முழுசா சொல்லணும்னு தோணுது.

காரணம் சிக்கு. காலைல நல்லா சீவி பின்னிட்டு போனாலும் சாயந்திரம் அவுத்தா பிடரிக்கு கீழ உள்பக்கமா ஒரு கட்டி, நுனில ஒரு கட்டி, ரெண்டுக்கும் நடுவுல சின்னச் சின்ன முடிச்சா இருக்கும். விரல விட்டு மெதுவா பிரிச்சு எடுக்கறதுக்குள்ள கை கடுத்துடும். ஒரே ஒரு முடி தனக்குத் தானே முடிச்சு போட்டுக்கிட்டு நிக்கும் பாரு, அத பிரிக்கவே முடியாது, அங்கயே அறுந்துடும். தலைக்கு குளிக்கிற நாள்னா சிக்கு எடுக்கறதுக்கே தனியா நேரம் ஒதுக்க வேண்டியிருக்கு. சீப்ப இழுக்கும்போது பட் பட்னு ஒரு சத்தம் வரும்ல, அது எனக்கு தாங்க முடியாம போச்சு. சிக்கு போறது நல்லது தான், ஆனா ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு முடி பாதில அறுந்து போகுதே.

ஒரு நாள் நல்ல வெளிச்சத்துல வெள்ளைத் துணிய விரிச்சு நுனிய மட்டும் அதுமேல பரப்பி வச்சு பாத்தேன். மேல இருக்குற முடியும் கீழ இருக்குற முடியும் ஒரே தலைல வந்ததுன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. மேல கருப்பா பளபளன்னு இருக்கு, நுனி வெளுத்து போய் ரெண்டா மூணா பிளந்து நிக்குது, சில முடில நடுவுலயே வெள்ளையா ஒரு புள்ளி தெரியுது, அந்த எடத்துல லேசா மடக்கினாலே ஒடிஞ்சுடுது. ஒரு முடிய எடுத்து நுனிலேந்து வேர் பக்கமா விரல தடவிப் பாரு, சொரசொரன்னு இருக்கும், வேர்லேந்து நுனிக்கு தடவினா அவ்வளவா தெரியாது. ஏன்னா முடிக்கு மேல ஓட்டு வீட்டுக் கூரைல ஓடு அடுக்கி வச்ச மாதிரி செதில் செதிலா ஒரு மேல்தோல் இருக்கு, க்யூட்டிகிள்னு சொல்வாங்க, எல்லாமே நுனிய பாத்து தான் படிஞ்சிருக்கும். அது ஒழுங்கா படிஞ்சு இருக்குற வரைக்கும் ஒரு முடி இன்னொரு முடி மேல வழுக்கிட்டு போயிடும். தேஞ்சு தூக்கிக்கிச்சுன்னா ஒண்ண ஒண்ணு பிடிச்சுக்கும், சிக்கு அங்க தான் ஆரம்பிக்குது.

இன்னொன்னு சொல்றேன், இத நெனச்சப்ப எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. முடி பொதுவா மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்கு கொஞ்சம் கூட வளரும், வருஷத்துக்கு சுமார் 15 சென்டிமீட்டர். என் முடி 90 சென்டிமீட்டர் பக்கம் இருக்கு, அப்ப நுனிக்கு வயசு ஆறு வருஷம். பையன் ஆறாவதோ ஏழாவதோ படிக்கும்போது என் தலைய விட்டு வெளிய வந்த முடி அது. அன்னிலேந்து எத்தன தடவ ஷாம்பு, எத்தன வெயில், எத்தன ராத்திரி தலகாணில உரசல், பேக் வாருல மாட்டிக்கிறது, நாற்காலில சாஞ்சு நசுங்குறது, எல்லாத்தையும் அந்த நுனி தான் பாத்திருக்கு. முடிங்கிறது வெளிய வந்தப்புறம் உயிரில்லாத பொருள், அதுல ரத்தம் ஓடல, நரம்பும் இல்ல, தோல்ல பட்ட காயம் ஆறுற மாதிரி அதுவா ஆற வழியே இல்ல. "பிளந்த நுனிய ஒட்ட வைக்கும்"னு பாட்டில்ல போட்டு விக்கிறாங்களே, கொஞ்ச நேரம் ஒட்டின மாதிரி இருக்கும், அடுத்த தடவ தலைய அலசினதும் திரும்ப பிளந்துக்கும்.

அதுக்காக கண்டிஷனர் வேஸ்ட்னு நான் சொல்லலடி. தேஞ்ச முடில நெகடிவ் சார்ஜ் அதிகமா இருக்கும், கண்டிஷனர்ல இருக்குற பொருள் பாசிடிவ் சார்ஜ், அதனால எங்க ரொம்ப தேஞ்சிருக்கோ அங்கயே போய் அதிகமா ஒட்டிக்குது, முடி வழுக்குது, சீப்பு இறங்குது. நல்ல விஷயம் தான், நான் விடாம போடுறேன். தலைக்கு குளிக்கிறதுக்கு முன்னாடி தேங்காய் எண்ணெயும் தேச்சுக்கிறேன், அது முடிக்கு உள்ள வரைக்கும் போகும், அலசும்போது புரதம் வெளிய போறத குறைக்குதுன்னு 2003-ல ஒரு ஆய்வுலயே வந்திருக்கு, சூரியகாந்தி எண்ணெய்லயும் மினரல் ஆயில்லயும் அந்த பலன் தெரியலயாம். ராத்திரி லூசா ஒரு சடை, தலகாணிக்கு வழுவழுன்னு சாட்டின் உறை, துண்ட போட்டு தலைய பரபரன்னு தேய்க்காம ஒத்தி எடுக்கிறது, எல்லாம் செய்றேன், எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் பலன் இருக்கு. ஆனா முடிச்சு விழுறது மட்டும் அதே எடத்துல, அந்த கடைசி அஞ்சாறு இன்ச்ல. அத வச்சுக்கிட்டு மத்ததெல்லாம் எவ்வளவு செஞ்சாலும் தீராதுன்னு புரிஞ்சுது.

நுனி எலி வால் மாதிரி ஆயிடுச்சுன்னு அக்கா சொல்லிட்டே இருப்பாங்க, அதுக்கும் காரணம் இருக்கு. எல்லா முடியும் ஒரே அளவு வளராது, ஒவ்வொண்ணுக்கும் ஒரு வளரும் காலம் உண்டு, ரெண்டு வருஷத்துலேந்து ஆறு வருஷம் வரைக்கும் சொல்றாங்க, அது முடிஞ்சதும் அந்த முடி உதிர்ந்து புதுசா ஒண்ணு முளைக்கும். இடுப்பு தாண்டி போற அளவுக்கு ஆயுசு உள்ள முடி கம்மி தான், அதனால கீழ போகப் போக அடர்த்தி குறையுது. ஒல்லியா நாலு முடி மட்டும் தொங்கும்போது அது காத்துல ஆடி ஒண்ண ஒண்ணு சுத்திக்குது. அப்புறம் சீவும்போது பாதில அறுந்த முடியெல்லாம் நடுவுல குட்டை குட்டையா நின்னு அதுவும் போய் மாட்டிக்குது. நீளம் அப்படியே இருக்கணும்னா நான் தெனமும் அடர்த்திய குடுத்துக்கிட்டே இருக்கணும், அது எனக்கு வேண்டாம். அடர்த்தியா இடுப்பு வரைக்கும் இருந்தா போதும்.

சட்டுனு முடிவெடுத்துட்டேன்னு நெனைக்காத. போன வருஷம் காய்ச்சல்ல படுத்தேன்ல, அதுக்கப்புறம் ரெண்டு மூணு மாசம் கழிச்சு கொத்து கொத்தா கொட்டுச்சு, அப்ப சிக்கும் பயங்கரமா இருந்துச்சு. நீளமான தலைல உதிர்ந்த முடி கீழ விழாது, மத்த முடிக்கு நடுவுல மாட்டிட்டு அதையும் சுத்தி கட்டிடும். டாக்டர்ட்ட போனேன், தைராய்டு, இரும்புச்சத்து ரெண்டுக்கும் ரத்தம் குடுத்து பாத்தாச்சு, சரியா இருக்கு, காய்ச்சலுக்கு அப்புறம் இப்படி கொட்டுறது வழக்கம், தானா நின்னுடும்னு சொன்னாங்க, நின்னும் போச்சு. ஒரு நாளைக்கு 50-லேந்து 100 முடி உதிர்றது எல்லாருக்கும் உள்ளது தானாம். கொட்டுறது நின்ன பிறகும் சிக்கு நிக்கலங்கிறதால தான் நுனி தான் காரணம்னு உறுதியாச்சு. உனக்கும் எப்பவாவது திடீர்னு அதிகமா சிக்கு விழுந்தா முதல்ல முடி கொட்டுதான்னு பாரு, கொட்டுச்சுன்னா எண்ணெய் ஷாம்புன்னு மாத்திட்டு இருக்காம டாக்டர்ட்ட போ. உப்புத் தண்ணியும் ஒரு காரணம், அதுல இருக்குற கால்சியமும் மெக்னீசியமும் முடி மேல படிஞ்சு சொரசொரப்பாக்கிடும், வீடு மாறினதும் முடி கெட்டுப் போச்சுன்னு நெறைய பேர் சொல்றது அதனால கூட இருக்கலாம்.

எங்க அம்மாவுக்கு மனசே இல்ல. வெட்டினா திரும்ப வளராதுன்னு பயம் அவங்களுக்கு. பக்கத்து வீட்டு அக்கா அதுக்கு நேர் எதிரா வெட்டி விட்டா தான் வேகமா வளரும்னு சொல்றாங்க. ரெண்டுமே இல்ல, வேர் தலைத் தோலுக்கு உள்ள சில மில்லிமீட்டர் ஆழத்துல இருக்கு, கீழ கத்திரி பட்டது அதுக்கு தெரியவே தெரியாது, அதோட வேகத்துல அது வளரும். நுனி ஒடியாம இருந்தா வளர்ந்ததெல்லாம் கையில நிக்கும், அவ்வளவு தான் வித்தியாசம். நாலு மாசத்துல அஞ்சு சென்டிமீட்டர் வளரும், அதுல ரெண்ட வெட்டினாலும் மூணு மிச்சம் தானே, அம்மாவுக்கு இப்படி கணக்கு போட்டு சொன்னப்புறம் தான் கொஞ்சம் சமாதானம் ஆனாங்க. அவர் உன் தலை உன் இஷ்டம்னு சொல்லிட்டார். எனக்கும் வருத்தம் இருக்குடி, இல்லாம இருக்குமா, இவ்ளோ வருஷம் பாத்து பாத்து வளர்த்தது. ஆனா தெனமும் இழுத்து அறுக்கும்போது படுற வருத்தத்த விட ஒரே தடவையா வெட்டிட்டு நல்லா வச்சுக்கலாம்னு மனசு தெளிவா இருக்கு.

எப்படி வெட்டணும்னும் முடிவு பண்ணிட்டேன். லேயர் வேண்டாம், அதுல ஒவ்வொரு மட்டத்துலயும் நுனி நிக்கும், எனக்கு திரும்ப அதே கதை தான். ஸ்ட்ரெயிட்டா வெட்டணும், இல்லன்னா லேசா யு கட். வெட்டுறவங்ககிட்ட இன்ச் கணக்கு சொல்லாம முதுகுல கைய வச்சு இங்க வரைக்கும் வேணும்னு காட்டப் போறேன், அவங்க இன்ச்சும் நம்ம இன்ச்சும் ஒண்ணா இருக்கறதே இல்ல. பிளவு எது வரைக்கும் போயிருக்கோ அதுக்கு மேல தள்ளி வெட்டணும், இல்லன்னா அது மேல ஏறிக்கிட்டே போகும். வீட்டு கத்திரிய மட்டும் எடுத்துடாத, மழுங்கின கத்திரி முடிய நசுக்கி விட்டுடும், அங்கேந்தே புதுசா பிளக்க ஆரம்பிக்கும்.

உன் பொண்ணு காலைல சீவ உக்காந்தாலே அழறான்னு எழுதியிருந்தல்ல, அவளுக்கு சுருட்டை முடி, சிக்கு விழத் தான் செய்யும், தலைல ஊறுற எண்ணெய் அந்த வளைவெல்லாம் தாண்டி நுனிக்கு வந்து சேராது, வளைவும் வளைவும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கோத்துக்கும். காஞ்ச முடில சீப்பு போடாத. குளிக்கும்போது கண்டிஷனர் போட்டு, பெரிய பல்லு சீப்பால, நாலஞ்சு பாகமா பிரிச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா எடு. நுனிலேந்து ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா மேல வா, முடிச்சுக்கு மேல முடிய இன்னொரு கையால இறுக்கி பிடிச்சுக்கோ, அப்ப இழுப்பு தலைக்கு போகாது, அவளுக்கு வலிக்காது. நம்ம மாதிரி நேர் முடிக்கு இது வேற, ஈரத்துல முடி ஊறி பலம் கொறஞ்சு இருக்கும், இழுத்தா ரப்பர் மாதிரி நீண்டு அறுந்துடும், அதனால நமக்கு முக்கால்வாசி காஞ்சப்புறம் சீவறது தான் நல்லது. ஸ்கூலுக்கு போகும்போது பின்னி விடு, ஆனா நெத்தி இழுபடுற மாதிரி இறுக்கமா வேண்டாம், அப்படியே தொடர்ந்து இழுத்து கட்டினா முன்பக்கம் முடி கொறைய ஆரம்பிச்சுடும்.

அவளுக்கும் நுனி பிளந்திருந்தா கொஞ்சம் வெட்டி விடலாம், ஆனா சுருட்டை முடி ஈரத்துல நீளமா தெரியும், காஞ்சதும் சுருங்கி மேல ஏறிடும், அதனால காஞ்ச முடில அளவு பாத்து வெட்டச் சொல்லு. அதுக்கு முன்னாடி அவள உக்கார வச்சு எவ்ளோ வெட்டலாம்னு அவகிட்டயே கேளு. தூங்கும்போது வெட்டிடலாமான்னு எழுதியிருந்தியே, அது மட்டும் வேணாம்டி, அவ தலைய அவளுக்கு தெரியாம வெட்டினா அப்புறம் சீப்ப எடுத்துட்டு வந்தாலே உன்கிட்ட உக்கார மாட்டா.

அன்போட,
உன் தோழி