சோலர் பனல் வருகிறது, பூட்டுவது யார்?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

உப்புவெளியில் இருந்து எழுதுகிறேன். முப்பத்தொரு வருடமாக எனக்கு வயரிங் வேலை. அதில் ஒன்பது வருடம் கட்டாரில் போனது. மின்சாரம், எண்ணெய் என்று திருகோணமலையின் பெயர் அடிக்கடி பத்திரிகையில் வருகிறது. ஒவ்வொரு முறையும் கடைசிப் பந்தியில் 'இதனால் பிரதேச இளைஞர்களுக்கு வேலைவாய்ப்பு' என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

எங்கள் மாவட்டத்துச் சம்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். 2006இல் யுத்தத்தால் அந்தச் சனம் ஊரை விட்டு ஓடியது. கிளிவெட்டி முகாமில் வருடக்கணக்காகக் கிடந்தார்கள். அவர்கள் இல்லாத ஊரில் இந்தியாவுடன் சேர்ந்து 500 மெகாவாட் நிலக்கரி மின் நிலையம் கட்டப்போவதாகச் சொன்னார்கள். 2015இல்தான் ஊர் திரும்பத் தொடங்கினார்கள். அடுத்த வருடம் நிலக்கரித் திட்டம் கைவிடப்பட்டது. இப்போது அதே சம்பூரில் சூரிய மின்சாரம்: முதலில் 50, பிறகு 70, மொத்தம் 120 மெகாவாட். 2025 ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பில் இருந்தபடியே நமது ஜனாதிபதியும் இந்தியப் பிரதமரும் தொடக்கி வைத்தார்கள். நிலக்கரிப் புகைக்கு வெயில் எவ்வளவோ மேல். அதில் எனக்கு மறுபேச்சில்லை. வெளிநாட்டுக் கரிக்கும் எண்ணெய்க்கும் போகிற டொலர் மிஞ்சினால் நாடு நிமிரும், அதுவும் சரி.

ஆனால் வேலை தெரிந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். சோலர் நிலையத்தில் வேலை முழுக்கக் கட்டும்போதுதான். தூண் இறக்குவது, சட்டம் பூட்டுவது, பனல் ஏற்றுவது, கேபிள் இழுப்பது எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். கட்டி முடிந்தபின் புல் வெட்ட, தூசி கழுவ, கேற்றில் நிற்க என்று கொஞ்சப் பேர் போதும். நிலக்கரி நிலையம் மாதிரி மூன்று ஷிப்டுக்கும் ஆள் கேட்காது. ஆகவே கட்டுகிற அந்தக் காலத்தில் எங்கள் பிள்ளைகள் கையில் தொழிலோடு உள்ளே போகாவிட்டால், பிறகு போவதற்கு இடமே இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன் நகரத்துக்குக் கிட்ட ஒரு பெரிய கூரையில் பனல் பூட்டினார்கள். கொந்தராத்துக்காரர் பூட்டுகிற ஆட்களை வெளி மாவட்டத்தில் இருந்து வானில் கொண்டுவந்தார். என்னோடு வேலை பழகும் இரண்டு பொடியன்களும் போய்க் கேட்டார்கள். பனல் பெட்டியை ஏணிவரை தூக்கிக் கொடுக்கிற வேலை கிடைத்தது. நாளுக்கு 2500 ரூபா. மேலே நின்று பூட்டியவனுக்கு அதில் இரண்டு மடங்கு. எனக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம் யோசித்தால், கொந்தராத்துக்காரர் வேறு என்ன செய்வார்? பழகாத ஆளைக் கூரையில் ஏற்ற முடியாது.

இது வீட்டு வயரிங் மாதிரி இல்லை ஐயா. வீட்டில் மெயின் சுவிட்சை இறக்கினால் கம்பி செத்துவிடும். பனலுக்கு வெயில்தான் சுவிட்ச். பத்துப் பனலைத் தொடராகக் கோத்தால் 400 வோல்ட்டுக்கு மேலே நிற்கும், அதுவும் நேரோட்டம் (டி.சி. கரண்ட்). இணைப்பில் பொறி கிளம்பினால் வீட்டுக் கரண்ட் மாதிரித் தானாக அணையாது, எரிந்துகொண்டே இருக்கும். இங்கே நிலாவெளிப் பக்கம் கடற்கரையோரம் என்றால் உப்புக்காற்று வேறு. அலுமினியச் சட்டத்துக்குச் சாதாரண இரும்பு ஆணி போட்டால் இரண்டு மூன்று மாரிக்குள் தின்றுவிடும். இதையெல்லாம் யாராவது பக்கத்தில் நின்று காட்டித்தர வேண்டும். நான் கட்டாரில் ஒரு கேரளாக்காரரிடம் ஏச்சு வாங்கிப் பழகினேன்.

2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடே இருண்டதே, அன்று பகல் என் போன் ஓயவில்லை. "தம்பி, வெயில் மண்டையைப் பிளக்குது, எங்கட சோலர் ஏன் வேலை செய்யேல்ல?" பற்றரி இல்லாத கூரைச் சோலர், லைனில் கரண்ட் இல்லாவிட்டால் தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்கிறவன் சாகாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. விற்றவர்கள் இதைச் சொல்லவே இல்லை. இரண்டு மாதம் கழித்துப் புத்தாண்டு விடுமுறையில் மின்பாவனை குறைவு என்று, ஏப்ரல் 13 முதல் 21 வரை பகலில் கூரைச் சோலரை நிறுத்திவைக்கும்படி மின்சார சபை கேட்டது. உச்சி வெயிலில் மிஞ்சுவதைச் சேமித்து இரவுக்கு எடுக்கப் பற்றரி வேண்டும். பற்றரி பூட்ட, பராமரிக்க, பழுது பார்க்க ஒவ்வொரு ஊரிலும் ஆள் வேண்டும். என் கணக்கில் நிலைத்து நிற்கிற வேலை அதுதான். சம்பூர் சோலர் நிலையத்தைவிட, ஆஸ்பத்திரிக் கூரையிலும் பள்ளிக்கூடக் கூரையிலும் மீனுக்கு ஐஸ் போடுகிற இடங்களிலும்தான் எங்கள் பிள்ளைகளின் பிழைப்பு இருக்கிறது. 2022இல் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 87 ரூபாவில் இருந்து 340 ரூபா ஆனபோது கரையில் கவிழ்த்துப்போட்ட மீன்பிடிப் போட்டுகளைப் பார்த்தவர்களுக்கு, இது யாருக்குத் தேவை என்று நான் சொல்லத் தேவையில்லை.

சான்றிதழ் கதை ஒன்றும் இருக்கிறது. ஐம்பதாவது வயதில் நான் என்.வி.கியூ. என்கிற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் எடுத்தேன். வகுப்புக்குப் போகாமல், செய்த வேலையைக் காட்டி எடுக்க ஒரு வழி இருக்கிறது. நல்ல வழி. ஆனால் என்னைச் சோதிக்க வந்தவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் சந்தைச் சிங்களம். பக்கத்தில் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தவர்தான் மொழிபெயர்ப்பாளர். எர்த், பிரேக்கர், நியூட்ரல் எல்லாம் இரண்டு பாஷையிலும் ஒன்று என்பதால் தப்பினேன். பதினெட்டு வயதுப் பிள்ளை அந்த இடத்தில் வாய் திறந்திருக்காது.

இங்கே திருகோணமலைச் சீனக்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகள் இருக்கின்றன. 1942இல் யப்பான்காரன் வந்து ஒன்றை எரித்ததை ஆச்சி நேற்று நடந்த மாதிரிச் சொல்லுவா. 2022 ஜனவரியில் கையெழுத்தான ஒப்பந்தப்படி அவற்றில் 61ஐ இலங்கை, இந்திய நிறுவனங்கள் சேர்ந்து புதுப்பிக்க வேண்டும். துருப்பிடித்த தாங்கியைத் திருத்த வெல்டர் வேண்டும். எத்தனை பேரை, எங்கே, எந்த மொழியில் பழக்குகிறார்கள்?

மாவட்ட அபிவிருத்திக் கூட்டத்தில் இருக்கிற எங்கள் பிரதிநிதிகளிடம் நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்து விழும் முன், மூதூரிலும் நகரத்திலும் தமிழில் ஆறு மாத சோலர், பற்றரி, வெல்டிங் வகுப்புத் தொடங்கட்டும். பழகிய பிள்ளைகளில் இத்தனை பேரை எடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எண் போட்டு எழுதட்டும். 'முன்னுரிமை வழங்கப்படும்' என்ற சொல் வேண்டாம்.

என்னோடு வேலை பழகும் அந்த இரண்டு பொடியன்களில் ஒருவன் வெளிநாடு போகப் பாஸ்போர்ட் எடுத்துவிட்டான். மற்றவன் இன்னும் யோசிக்கிறான். எங்கள் பட்டறைக்குப் பின்னால் கழற்றிய பனல் நான்கும் பழைய இன்வெர்ட்டர் ஒன்றும் கிடக்கின்றன. எந்தத் தொழிற்பயிற்சி நிலையம் கேட்டாலும் சும்மாவே கொண்டுவந்து பூட்டிக் காட்டுகிறேன். சனிக்கிழமை என்றால் வசதி.

இப்படிக்கு,
ஒரு வயரிங் வேலைக்காரன்,
உப்புவெளி, திருகோணமலை.