மைலேஜ் குறைந்ததற்காக வண்டியை மாற்றலாமா?

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கோவையில் இடம் கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். விடுதி, கட்டணம் என்று காசு தண்ணீராகக் கரையும் நேரம் இது. இப்போது போய் ஸ்விஃப்டைக் கொடுத்துவிட்டுப் புது வண்டிக்குத் தவணை கட்ட வேண்டுமா என்று கேட்டிருக்கிறாய். மைலேஜ் ஒன்றுதான் காரணம் என்றால் வேண்டாம். வேறு காரணம் இருந்தால் அது தனிக் கணக்கு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

லிட்டருக்கு 17 கி.மீ. கொடுத்த வண்டி 14 கொடுக்கிறது என்று எழுதியிருக்கிறாய். ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, வருஷத்துக்கு எத்தனை லிட்டர் என்று பார். 10,000 கி.மீ. ஓட்டினால் 17-இல் 588 லிட்டர், 14-இல் 714 லிட்டர். வித்தியாசம் 126 லிட்டர். லிட்டர் 101 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு 12,700 ரூபாய். வலிக்கிற தொகைதான், இல்லை என்று சொல்லவில்லை.

எதிர்ப்பக்கம் புது வண்டியை வை. 8 லட்சத்து வண்டி, பழையதற்கு 2 லட்சம் கிடைத்து மீதி 6 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 5 வருஷம். தவணை மாதம் ஏறக்குறைய 12,450. ஐந்து வருஷத்தில் வட்டி மட்டும் 1,47,000 ரூபாய், அதாவது சராசரியாக வருஷத்துக்கு 29,000. காரின் விலை 5 லட்சத்திலிருந்து 10 லட்சத்துக்குள் என்றால் தமிழ்நாட்டில் சாலை வரி 13 சதவீதம். மூன்று வருஷ மூன்றாம் நபர் காப்பீடு முதல் நாளே கட்டியாக வேண்டும். 2025 செப்டம்பரில் சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது உண்மை. ஆனால் புது வண்டி விலை இறங்கினால் பழைய வண்டிக்குக் கேட்கும் விலையும் இறங்கும்.

ஷோரூமில் உனக்குக் காட்டிய 24.8 என்ற மைலேஜ் எண், ஏ.சி. போடாமல் ஆய்வகத்தில் உருளை மேல் ஓட்டி எடுத்தது. உன் சாலையில், உன் காலில், அதே வண்டி 18 கொடுக்கும் என்று வைப்போம். புது வண்டியை 14-உடன் ஒப்பிட்டால் வருஷம் 16,000 ரூபாய் மிச்சம் போலத் தெரியும். அது சரியான ஒப்பீடு இல்லை. உன் ஸ்விஃப்டைச் சரிசெய்து 17-க்குக் கொண்டுவந்துவிட்டால், புது வண்டி உனக்குத் தருவது வருஷத்துக்கு வெறும் 33 லிட்டர். 3,300 ரூபாய்க்காக 29,000 வட்டி கட்டுவதா? நோயோடு இருக்கும் வண்டியை ஆரோக்கியமான வண்டியோடு நிறுத்தித்தான் எல்லா ஷோரூமிலும் வியாபாரம் நடக்கிறது.

ஆக, முதல் வேலை நோயைக் கண்டுபிடிப்பது. அதற்கும் முன்னால், 14 என்பது உண்மையா என்று பார்க்க வேண்டும். டேஷ்போர்டில் வரும் எண்ணை நம்பாதே. ஒரே பங்க், ஒரே நாசில், ஆட்டோ கட் ஆனதும் நிறுத்து. ரவுண்டாக்குகிறேன் என்று பையன் மேலும் இரண்டு தடவை அழுத்த விடாதே. அப்படி நிரப்பினால் கணக்கும் கெடும், டேங்கிலிருந்து வரும் ஆவியைப் பிடித்து வைக்கும் கானிஸ்டருக்குள் பெட்ரோல் போய் அதையும் கெடுக்கும். மூன்று டேங்க் தொடர்ந்து எழுதி வை.

காலத்தையும் சேர்த்துக் குறித்துக்கொள். நீ நாகர்கோவில் போய்வருகிற வழியில், காவல்கிணறு தாண்டியதும் முப்பந்தலிலிருந்து ஆரல்வாய்மொழி வரை ஆனி ஆடியில் காற்று முகத்தில் அறையும். திரும்பி வரும்போது அதே காற்று தள்ளிவிடுகிறதே, சரியாகிவிடாதா என்று தோன்றும். ஆகாது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. 80-இல் போகும் வண்டிக்கு 30 கி.மீ. எதிர்க்காற்று என்றால் 110-இல் போவது போலத் தடை, திரும்பும்போது 50-இல் போவது போல. இரண்டையும் வர்க்கமாக்கிச் சராசரி எடுத்தால், காற்றில்லாத நாளைவிட 14 சதவீதம் அதிகம். அதனால் ஆடி மாதக் கணக்கைத் தை மாதக் கணக்கோடு வைத்து வண்டியைக் குறை சொல்லாதே.

அடுத்து இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எல்லாப் பழியையும் அதன் தலையில் போடுகிறார்கள். ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. 20 சதவீதம் கலந்தால் சுத்தப் பெட்ரோலைவிட 6 முதல் 7 சதவீதம் இழப்பு. ஆனால் 2022-லேயே 10 சதவீதக் கலப்பு வந்துவிட்டது. அங்கிருந்து 20-க்கு வந்ததில் கூடுதல் இழப்பு 3 முதல் 4 சதவீதம்தான். 17 என்பது 16.4 ஆகும், அவ்வளவே. மீதி இரண்டரை கிலோமீட்டர் எங்கோ வண்டிக்குள் போகிறது. புது வண்டி வாங்கினாலும் அதே இ20-தான் ஊற்றப் போகிறாய். உன்னுடையது 2013 வண்டி என்பதால், எத்தனால் விஷயத்தில் நீ கவனிக்க வேண்டியது ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும்தான். காலையில் கதவு திறக்கும்போது பெட்ரோல் வாடை அடித்தால் அன்றே காட்டு. அது மைலேஜ் விஷயம் இல்லை, தீப்பிடிக்கிற விஷயம்.

வண்டிக்குள் நான் முதலில் சந்தேகப்படுவது பிரேக். ஒரு சக்கரம் லேசாகப் பிடித்துக்கொண்டே ஓடும், ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது. இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, கடைசி இரண்டு கிலோமீட்டரில் முடிந்தவரை பிரேக் தொடாமல், தானாக உருண்டு நிற்க விடு. இறங்கி நான்கு ரிம்முக்கும் அருகில் கையைக் கொண்டுபோய்ப் பார், சட்டென்று தொடாதே. ஒன்று மட்டும் அனல் அடித்தால் ஆள் சிக்கிவிட்டான். ஜாக்கி போட்டு, நியூட்ரலில் வைத்து, முன்சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார். லேசான உரசல் சத்தம் பரவாயில்லை. ஆனால் தள்ளிவிட்டதும் நின்றுவிட்டால் பிடிக்கிறது என்று அர்த்தம். அந்த நிலையிலேயே பிரேக் பேடை அழுத்தும் காலிப்பரின் ப்ளீடர் நிப்பிளை, அதாவது பிரேக் எண்ணெயை வெளியே விடும் சின்னத் திருகை, மெக்கானிக்கிடம் லேசாகத் திறக்கச் சொல். திறந்ததும் சக்கரம் விடுபட்டால், எண்ணெய் அழுத்தம் திரும்பிப் போகாமல் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது. உட்பக்கம் உப்பிப்போன பிரேக் ஹோஸ் அல்லது மாஸ்டர் சிலிண்டர் காரணம். திறந்தும் விடவில்லை என்றால், காலிப்பர் நகரும் ஸ்லைடு பின்னோ, பேடைத் தள்ளும் பிஸ்டனோ இறுகியிருக்கிறது. பின்னைக் கழற்றினால் காய்ந்து துருப்பிடித்த கிரீஸ் தெரியும். துடைத்து, சிலிக்கான் பிரேக் கிரீஸ் போட வேண்டும். சாதாரண கிரீஸ் போட்டால் ரப்பர் உப்பி ஆறு மாதத்தில் மறுபடி இறுகும். செலவு சில நூறு ரூபாய். பின்னால் டிரம் என்பதால், ஹேண்ட் பிரேக் கேபிள் முழுதாகத் திரும்புகிறதா என்றும் பார்க்கச் சொல்.

இரண்டாவது தெர்மோஸ்டாட், இஞ்சின் சூடாகும் வரை கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் தடுக்கும் வால்வு. அது திறந்த நிலையில் மாட்டிக்கொண்டால் இஞ்சின் சூடேறாது. இஞ்சின் இன்னும் குளிராக இருக்கிறது என்று நினைத்து ஈ.சி.யூ. என்ற இஞ்சின் கம்ப்யூட்டர் கூடுதலாகப் பெட்ரோல் விட்டுக்கொண்டே இருக்கும். சூடு ஏறினால்தான் எல்லோரும் பதறுவோம், ஏறாவிட்டால் யாரும் கண்டுகொள்வதில்லை. ஸ்டீயரிங்குக்குக் கீழே, வண்டியின் கோளாறுகளைப் படிப்பதற்காக இருக்கும் ஓ.பி.டி. சாக்கெட்டில் ஒரு சின்ன புளூடூத் ஸ்கேனரைச் செருகினால் போனிலேயே கூலன்ட் வெப்பம் தெரியும். நாலுவழிச் சாலையில் அரைமணி ஓட்டிய பிறகும் 85-ஐத் தொடாமல் 70 பக்கம் நின்றால் தெர்மோஸ்டாட்டை மாற்று.

அதே ஸ்கேனரில் நீண்டகால ஃபியூயல் ட்ரிம் என்று ஒரு எண் வரும். வழக்கமான அளவைவிட ஈ.சி.யூ. எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது, குறைக்கிறது என்று அது காட்டும். இஞ்சின் நன்றாகச் சூடான பிறகு குறித்து வை. கூட்டல் 5, 6 காட்டினால் பயப்படாதே. எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அதிக அளவு எரிபொருள் தேவை, அதைத்தான் ஈ.சி.யூ. ஈடுகட்டுகிறது. இந்த எண்ணைக் காட்டி ஆக்ஸிஜன் சென்சர் போச்சு என்று யாராவது சொன்னால் நம்பாதே. கழித்தல் 10-க்குக் கீழே போனால் கோளாறு. எங்கிருந்தோ வேண்டாத பெட்ரோல் உள்ளே வருகிறது. இஞ்செக்டர் ஒழுகலாம், கானிஸ்டரிலிருந்து ஆவியை இஞ்சினுக்கு விடும் பர்ஜ் வால்வு மூடாமல் இருக்கலாம்.

உன் மெக்கானிக் இஞ்செக்டர் கிளீனிங் சொன்னதாக எழுதியிருந்தாய். ட்ரிம் எண் பார்க்காமல் அதைச் செய்யாதே. ஏர் ஃபில்டரும் அப்படித்தான்: இஞ்செக்ஷன் வண்டியில் அது அடைத்தால் இழுவை குறையும், மைலேஜ் பெரிதாகக் குறையாது. டயர் காற்று 5 பி.எஸ்.ஐ. குறைந்தால் ஒரு சதவீதம்தான் போகும், ஆனாலும் டயர் தேயும் என்பதால் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்கு வை. ஆயிலில் கை வைத்திருக்கிறார்களா என்று பில்லைப் பார். புத்தகத்தில் மெல்லிய ஆயில் சொல்லியிருக்க, கெட்டியான 20டபிள்யூ50 ஊற்றியிருந்தால் அடுத்த சர்வீஸில் மாற்று. நான்காவது கியரில் மேடேறும்போது ஆர்.பி.எம். ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது.

இன்னொன்று, வண்டியைச் சேராதது. பள்ளி வாசலில் ஏ.சி. போட்டுக்கொண்டு தினம் இருபது நிமிஷம் நிற்பதாகச் சொல்வாயே. அப்படி நிற்கும் இஞ்சின் மணிக்கு முக்கால் முதல் ஒரு லிட்டர் குடிக்கும். 200 நாளில் 50 லிட்டருக்கு மேல். நான் மேலே சொன்ன 126 லிட்டரில் கிட்டத்தட்ட பாதி இங்கேயே வந்துவிட்டது! மகள் கோவைக்குப் போய்விட்டால் இதுவும் நிற்கும், பள்ளிக்குப் போகும் மூன்று கிலோமீட்டர் குளிர்ந்த இஞ்சின் ஓட்டமும் நிற்கும். உன் வருஷ ஓட்டமே 7,000-க்கு இறங்கும். ஓட்டம் குறையக் குறைய, மைலேஜுக்காகப் புது வண்டி என்ற வாதம் இன்னும் மெலிகிறது.

இவ்வளவும் பார்த்து ஒன்றும் சிக்காவிட்டால், சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு வருகிறது என்று அளக்கும் கம்ப்ரெஷன் டெஸ்ட் எடு. நான்கு சிலிண்டரில் ஒன்று மற்றவற்றைவிட 15 சதவீதத்துக்கு மேல் குறைவாக இருந்தால், அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி எடுக்கச் சொல். எண் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். ரிங் தேய்ந்து, ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயிலும் குடித்தால், இஞ்சினில் பணம் போடாதே, விற்றுவிடு. அடிப்பகுதியில் சஸ்பென்ஷன் பொருந்தும் இடங்களில் துரு பொத்துக்கொண்டிருந்தாலும் அதே பதில்தான். 2028-இல் ஆர்.சி. 15 வருஷம் முடிகிறது. எஃப்.சி. (தகுதிச் சான்று), 5,000 ரூபாய் புதுப்பிப்புக் கட்டணம், பசுமை வரி எல்லாம் வரும். வண்டி திடமாக இருந்தால் அதுவும் தாங்கக்கூடிய செலவுதான்.

புது வண்டிக்கு ஒரே ஒரு காரணத்தை நான் மனதார ஒப்புக்கொள்வேன். உன் வண்டியில் ஏர்பேக்கும் இல்லை, பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ்.ஸும் இல்லை. கோவைக்குக் குடும்பத்தோடு நாலுவழிச் சாலையில் அடிக்கடி போய்வரப் போகிறீர்கள் என்றால், அதற்காக வண்டி மாற்று, நானே கூட வந்து பார்க்கிறேன். அப்போது மைலேஜ் எண்ணைப் பார்க்காமல், மோதல் சோதனையில் எத்தனை நட்சத்திரம் என்று கேட்டு வாங்கு. அந்த முடிவை மகளை விடுதியில் சேர்த்த பிறகு, தவணைக்குக் கை தாங்குமா என்று பார்த்து நிதானமாக எடுக்கலாம்.

இந்த வாரம் பிரேக்கையும் கூலன்ட் வெப்பத்தையும் மட்டும் பார்த்துவிடு. ஸ்கேனர் திரையைப் படம் எடுத்து அனுப்பு, கடைசி மூன்று சர்வீஸ் பில்லையும் சேர்த்து.

அன்புடன்,
உன் மாப்ள