ஆர்ஃபியஸ் போட்ட சுவிட்ச்

ஈரோடு,
ஞாயிறு இரவு.

அன்புள்ள மகளுக்கு,

இங்கு நாங்கள் நலம். உன் நலமறிய ஆவல். அம்மாவுக்கு முழங்கால் வலி இந்த வாரம் சற்றுக் குறைந்திருக்கிறது. கோயில் வரை நடந்து போய் வருகிறாள்.

காலையில் நீ தொலைபேசியில், "இத்தனை வருடங்களாக நீங்கள் சொல்லிக்கொண்டிருந்த படம் இதுதானா அப்பா? ஏழைகளை ஆடவிட்டு ஒரு வெளிநாட்டுக்காரர் வேடிக்கை பார்த்திருக்கிறார்" என்று 'பிளாக் ஆர்ஃபியஸ்' பற்றிக் கேட்டபோது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பேச்சில் வராதது எழுத்தில் வரலாம் என்றுதான், சாப்பிட்டு முடித்ததும் இந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதலில் உன் பக்கத்து நியாயத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். 1959இல் அந்தப் படத்தை எடுத்த மார்செல் கமு பிரெஞ்சுக்காரர். ரியோ டி ஜெனிரோவின் குன்றுகள் மீதிருக்கும் ஃபவேலாக் குடிசைகளைக் கடலும் வானமும் பின்னணியாக விரிய, திருவிழாப் பந்தல் போல வண்ணமயமாகக் காட்டினார். தண்ணீர்க் குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு மேடேறும் பெண்கூட ஆடிக்கொண்டேதான் ஏறுகிறாள். உச்சி வெயிலில் குடம் சுமந்தவர் யாரும் அப்படி ஏறமாட்டார்கள். போர்த்துகீசிய மொழியில், பெரும்பாலும் பிரேசில் நடிகர்களே நடித்த அந்தப் படம் கான் விழாவின் தங்கப்பனை விருதையும், அடுத்த ஆண்டு அயல்மொழிப் படத்துக்கான ஆஸ்கரையும் பெற்றபோது, ஆஸ்கர் பிரான்ஸ் நாட்டின் கணக்கில்தான் சேர்ந்தது. பிரேசிலிலேயே உன்னைப் போல முகம் சுளித்தவர்கள் பலர். அவர்களுள் ஒருவரான இயக்குநர் கார்லோஸ் டியேகஸ் 1999இல் அதே கதையைத் தம் பார்வையில் மீண்டும் எடுத்தார். அமெரிக்க அதிபராக இருந்த ஒபாமாவும், இளைஞராக நியூயார்க்கில் தம் தாயோடு இந்தப் படத்துக்குப் போய், பாதியிலேயே போதும் என்று தோன்றி, கிளம்பலாமா என்று கேட்கத் திரும்பியபோது, திரையொளி பட்டுக்கொண்டிருந்த தாயின் முகத்தில் தெரிந்த ஏக்கத்தைக் கண்டதாக எழுதியிருக்கிறார். ஆகவே நீ தனியாள் இல்லை.

ஆனாலும், வறுமையே படத்தில் இல்லை என்று நீ சொன்னதை நான் ஏற்கமாட்டேன். சம்பளம் வாங்கிய அன்று படத்தின் நாயகன் ஆர்ஃபியஸ் எங்கே போகிறான் என்று பார்த்தாயா? அடகுக் கடைக்கு. நிச்சயித்த பெண் மிரா மோதிரத்துக்காகக் காத்திருக்க, அவன் அடகிலிருந்த கிட்டாரை மீட்டுக்கொண்டு வருகிறான். தொடக்கத்தில் வரும் பாட்டு, ஏழை ஒருவன் கார்னிவல் திருவிழா நாளில் ராஜா வேடமோ கடற்கொள்ளையன் வேடமோ போடுவதற்காக வருடம் முழுக்க உழைக்கிறான், திருவிழா ஓயும் புதன்கிழமை வந்தால் எல்லாம் முடிந்துவிடும் என்றுதானே சொல்கிறது? அந்தப் பாட்டை எழுதிய வினிசியுஸ் டி மொராயஸ்தான் மூல நாடகத்தையும் எழுதினார். கவிஞர், அயலுறவுத் துறை அதிகாரி. 1956இல் ரியோவின் நகராட்சி அரங்கில், கறுப்பின நடிகர்களைக் கொண்டு, கட்டடக் கலைஞர் ஆஸ்கர் நீமாயர் அமைத்த அரங்கப் பின்னணியில், இசையமைப்பாளர் ஜோபிமின் இசையில் அது மேடையேறியது. படத்துக்கு அந்த மேடைப் பாடல்களை எடுத்துக்கொள்ளாமல் ஜோபிமும் மொராயஸும் புதிதாகச் செய்தார்கள். கிட்டார் கலைஞர் லூயிஸ் போன்ஃபா தனியாகச் சேர்த்துக் கொடுத்த மெட்டுகளில் ஒன்றைத்தான் நான் குளியலறையில் முணுமுணுப்பதாக நீ சின்ன வயதில் கேலி செய்வாய்.

இவையெல்லாம் இருக்கட்டும். நான் இந்தப் படத்தை விடாமல் நினைத்துக்கொண்டிருப்பதற்கான காரணம் வேறு. அதை உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

மின்வாரிய வேலையில் சேர்ந்து சில வருடங்களே ஆகியிருந்த காலத்தில், திரைப்படச் சங்க நண்பர்கள் ஒரு பள்ளிக்கூடக் கூடத்தில் 16 மி.மீ. புரொஜெக்டர் வைத்து இதைத் திரையிட்டார்கள். திரையாகக் கட்டிய வேட்டியின் அடிவிளிம்புக்குக் கீழே வசன வரிகள் பாதி சுவரில் விழுந்தன. கதை தெரிந்த ஒருவர் இருட்டில் நின்று விளக்கிக்கொண்டே வந்தார். கிரேக்கக் கதை எனக்கும் ஓரளவு தெரியும். பாம்பு கடித்து இறந்த தன் மனைவி யூரிடிஸைத் தேடி ஆர்ஃபியஸ் பாதாளம் வரை போகிறான். அவன் இசைக்கு இரங்கிய மரண தேவன், திரும்பிப் பார்க்காமல் நடந்தால் அவள் பின்னால் வருவாள் என்று வரம் கொடுக்கிறான். அவன் திரும்பிப் பார்த்துவிடுகிறான். அந்தத் திரும்பலுக்காகத்தான் எல்லோரும் காத்திருந்தோம்.

ஆனால் என்னைப் பிடித்து உலுக்கியது அதற்கு முன்னால் வரும் டிராம் பணிமனைக் காட்சி. படத்தில் ஆர்ஃபியஸ் காதலிக்கும் யூரிடிஸை, எலும்புக்கூட்டு வேடம் போட்ட மரணம் துரத்துகிறது (அந்த வேடத்தில் வந்த அதெமார் ஃபெரெய்ரா டா சில்வா 1952, 1956 ஒலிம்பிக் போட்டிகளில் மும்முறைத் தாண்டலில் தங்கம் வென்றவர், அந்த ஓட்டத்தைப் பார்த்தாலே தெரியும்). யூரிடிஸ் தப்பிக்க வழியில்லாமல் மேலே போகும் மின்கம்பியைப் பிடித்துத் தொங்குகிறாள். அவளைத் தேடி வந்த ஆர்ஃபியஸுக்கு இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. வெளிச்சத்துக்காக அவன் சுவிட்சைப் போடுகிறான். அவ்வளவுதான்.

ஒரே கம்பியைப் பிடித்துத் தொங்குபவரின் உடம்பு வேறெதையும் தொடாதிருந்தால் ஷாக் அடிக்காது, காக்கை உட்காருவதில்லையா, என்று அன்று திரும்பும் வழியெல்லாம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நண்பர்களிடம் வாதாடினேன். வாதாடியதெல்லாம் அந்தக் காட்சியிலிருந்து தப்பிப்பதற்காகத்தான் என்று இப்போது தோன்றுகிறது. கிரேக்கக் கதையில் அவளுடைய முதல் சாவுக்கும் ஆர்ஃபியஸுக்கும் சம்பந்தமில்லை. பாம்பு கடித்தது, அவன் அங்கு இல்லை. மொராயஸின் நாடகத்திலும் அவளைக் கொல்பவன் வேறொருவன்தான். படம் எடுத்தவர்கள்தான் அந்தச் சாவைக் கொண்டுவந்து ஆர்ஃபியஸின் கையில் வைத்தார்கள். அதிலும் அவன் யார்? டிராம் ஓட்டுபவன். தலைக்கு மேலே போகும் கம்பியில் என்ன இருக்கிறதென்று மற்ற எவரையும்விட நன்றாகத் தெரிந்தவன். பகலெல்லாம் அந்தக் கம்பியை நம்பிப் பிழைப்பவன், கம்பியில் யாராவது இருக்கிறார்களா என்று ஒரு கணம் யோசிக்காமல் சுவிட்சைப் போட்டுவிட்டான். அவளைப் பார்க்க வேண்டும் என்ற அவசரம் அவனுக்கு. அதே அவசரம்தான் பிறகு அவனைத் திரும்பவும் வைக்கிறது.

படம் பார்த்து நாலைந்து வருடம் கழித்து, ஐப்பசி மழைக்காலத்தில் ஓர் இரவு, துணை மின்நிலையத்தில் எனக்கு ஷிஃப்ட். ஊருக்கு மின்சாரம் கொண்டுபோகும் ஒரு ஃபீடரில் கம்பி அறுந்து, ஆட்கள் லைன் கிளியர், அதாவது சப்ளையை நிறுத்தி வேலை செய்வதற்கான அனுமதி, வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். வாங்கியவர்தான் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவர் தம் வாயால் அந்த அனுமதியின் எண்ணைச் சொல்லி, ஆட்கள் எல்லோரும் இறங்கிவிட்டார்கள் என்று உறுதி சொன்ன பிறகுதான் சப்ளை கொடுக்கலாம். இரவு பதினோரு மணிக்குத் தொலைபேசி அடித்தது. வேறொரு குரல், வேலை முடிந்தது, சப்ளை கொடுங்கள் என்றது. ஊரே இருட்டில் கிடந்து, அரை மணிக்கு ஒருவராகத் திட்டிக்கொண்டிருந்த இரவு அது. ரிசீவரைத் தோளில் இடுக்கியபடி ஒரு கையைச் சுவிட்சின் கைப்பிடியில் வைத்தேன். எண்ணைக் கேட்டேன். தெரியாது என்றார். வாங்கியவரைப் பேசச் சொல் என்று கைப்பிடியை விட்டேன். கால் மணி நேரம் கழித்து அவரே மூச்சிரைக்கப் பேசினார்: யார் உங்களைக் கூப்பிட்டது, கம்பத்தில் இன்னும் ஓர் ஆள் இருக்கிறான் என்றார்.

அந்தக் கணத்தில் படம் நினைவுக்கு வந்தது என்று எழுதினால் பொய்யாகிவிடும். விதிமுறையின் பழக்கம்தான் கேட்க வைத்தது. படம் அதற்குப் பிறகுதான் வந்தது. சப்ளை கொடுத்து, லாக் புத்தகத்தில் நேரத்தைக் குறிக்கும்போது பேனா ஆடியது. அப்போது அந்தப் பணிமனையும், சுவிட்சின் மேலிருந்த ஆர்ஃபியஸின் கையும் கண்ணில் வந்து நின்றன. அன்றிலிருந்து அந்தப் படம் எனக்குக் காதல் கதையாகத் தெரிவதில்லை.

அதற்குப் பின் வரும் காட்சிகளை நீ அவசரமாகக் கடந்துவிட்டாய் என்று நினைக்கிறேன். காணாமல் போனோருக்கான அலுவலகத்துக்கு அவன் போகிறானே, அங்கே ஒருவரும் இல்லை. தரையெல்லாம் காகிதம், அதைப் பெருக்கிக்கொண்டிருக்கும் ஒரே ஒரு கிழவர். முப்பது வருடம் அரசாங்கக் காகிதங்களோடு வாழ்ந்தவனுக்கு அதைவிடத் துல்லியமான பாதாளம் வேறு கிடையாது. அந்தக் கிழவர்தான் வளைந்து இறங்கும் படிக்கட்டு வழியாக அவனைச் சாமியாடும் இடத்துக்குக் கூட்டிப்போகிறார். பின்னாலிருந்து யூரிடிஸின் குரல் கேட்கிறது, திரும்பாதே என்கிறது, அவன் திரும்புகிறான், அங்கே அவள் குரலில் பேசிக்கொண்டிருந்தவள் ஒரு வயதான பெண். அந்தச் சடங்கை வேடிக்கைப் பொருளாக்கிவிட்டார்கள் என்று நீ சொன்னாய். இருக்கலாம். ஆனால் அந்த நொடியில் ஆர்ஃபியஸாக நடித்த ப்ரேனோ மெல்லோவின் முகத்தை மறுபடி பார். அவர் நடிகரே இல்லை, கால்பந்து ஆடியவர். யூரிடிஸாக வந்த மர்பெஸா டான் அமெரிக்காவில் பிறந்தவர். 2008ஆம் ஆண்டு ஜூலையில் அவர் போனார், ஆகஸ்டில் இவர் போனார். செய்தியைப் படித்த அன்று அம்மாவிடம் சொன்னேன். யார் அவர்கள் என்று கேட்டுவிட்டு வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் ஆர்ஃபியஸும் போன பிறகு, ஆர்ஃபியஸின் கிட்டார்தான் சூரியனை எழுப்புகிறது என்று நம்பிய சிறுவன், எழுப்ப இனி யாருமில்லையே என்று பதறி அந்தக் கிட்டாரை மீட்டுகிறானே, அவனும் பொழுது விடியும்வரை ஷிஃப்ட் பார்ப்பவனைப் போலத்தான் எனக்குத் தெரிகிறான். இது உனக்குச் சிரிப்பாக இருக்கும்.

விடுமுறைக்கு வரும்போது சேர்ந்து பார்ப்போம். பணிமனைக் காட்சியில் நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால் கண்டுகொள்ளாதே. கம்பத்து ஆள் கதையை அம்மாவிடம் சொல்லிவிட வேண்டாம். அன்று விடிந்து வெகுநேரம் கழித்து வீட்டுக்கு வந்ததற்கு, மாற்று ஆள் வரத் தாமதமாகிவிட்டது என்றுதான் அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா