'மற்றும் குழுவினர்' என்று முடித்துவிட்டீர்கள்: ரெக்கே சன்ஸ்பிளாஷ் ஒலித்தொடர் குறித்து ஒரு புகார்க் கடிதம்

அனுப்புநர்:
பணம் கட்டிய சந்தாதாரர்,
மதுரை.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தமிழ் ஒலித்தொடர் செயலி நிறுவனம்.

பொருள்: ஜமைக்காவின் ரெக்கே இசைக்கான 'ரெக்கே சன்ஸ்பிளாஷ்' திருவிழா பற்றிய எட்டுப் பகுதித் தொடரில் உள்ள தகவல் பிழைகள், விடுபட்ட கலைஞர் பெயர்கள், திருத்தம் அல்லது பணம் திரும்பக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். போன மாதம் 499 ரூபாய் கட்டி மேற்படித் தொடரை வாங்கினேன். 'மேடை ஏறிய ஒவ்வொரு கலைஞரின் கதை' என்று விளம்பரத்தில் போட்டிருந்தீர்கள். அந்த ஒரு வரியை நம்பித்தான் வாங்கினேன். கேட்டு முடித்துக் கணக்குப் பார்த்தால் ஆறு பகுதி ரெக்கே பாடகர் பாப் மார்லி, ஒரு பகுதி கடற்கரை வருணனை, மிச்சமிருந்த ஒன்றில் மற்ற எல்லோரையும் அடைத்திருக்கிறீர்கள்.

செயலியில் இருக்கும் புகார்ப் பெட்டியில் இரண்டு முறை எழுதினேன். முதல் முறை 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று வந்தது. அடுத்த முறை 50 ரூபாய் தள்ளுபடிக் கூப்பன் வந்தது, கூடவே ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லி ஒரு வேண்டுகோள். அதனால்தான் இப்போது கடிதம்.

முதல் பகுதியிலேயே கோளாறு. 1978இல் நடந்த முதல் சன்ஸ்பிளாஷில் மார்லி பாடினார், பரம எதிரிகளாக இருந்த பிரதமர் மைக்கேல் மான்லி, எதிர்க்கட்சித் தலைவர் எட்வர்ட் சீகா இருவரையும் மேடைக்கு இழுத்துக் கை கோக்க வைத்தார் என்று உங்கள் கதைசொல்லி உருகி உருகிச் சொல்கிறார். கை கோத்தது உண்மைதான். அது நடந்தது 1978 ஏப்ரல் 22 அன்று, தலைநகர் கிங்ஸ்டனின் தேசிய விளையாட்டரங்கில், ஒன் லவ் அமைதிக் கச்சேரியில். சன்ஸ்பிளாஷ் தொடங்கியது அதற்கு இரண்டு மாதம் கழித்து ஜூனில், தீவின் வடமேற்கு மூலையில் இருக்கும் மான்டேகோ பேயில், ஜாரட் பார்க் மைதானத்தில். ஊர் வேறு, மாதம் வேறு, நோக்கமே வேறு. மார்லி சன்ஸ்பிளாஷில் பாடியது அடுத்த ஆண்டு, 1979இல். 1981 மே 11 அன்று அவர் இறந்துபோனார். அந்த ஆகஸ்டில் நடந்த விழாவை அவருக்கு அஞ்சலியாக நடத்தினார்கள். ஆக, மனிதர் அந்த மேடையில் பாடியது ஒரே ஒரு ஆண்டு. நீங்கள் கொடுத்தது ஆறு பகுதி. மார்லி மேல் எனக்கும் பக்தி உண்டு. அதற்காகப் பந்தியில் அவருக்கு மட்டும் இலை போட்டால் எப்படி?

அடுத்தது பெயர்கள். பாடகர் பர்னிங் ஸ்பியரை 'எரியும் ஈட்டி' என்று மொழிபெயர்த்து, அப்படியே தொடர் முழுக்க அழைக்கிறீர்கள். வின்ஸ்டன் ராட்னி என்ற இயற்பெயர் கொண்ட அவர் அந்தப் பெயரை எடுத்தது கென்யாவின் முதல் அதிபர் ஜோமோ கென்யாட்டாவுக்கு இருந்த பட்டத்திலிருந்து. அதைச் சொல்லியிருந்தால் கேட்பவனுக்கு ஒரு கதவு திறந்திருக்கும். 'எரியும் ஈட்டி'யைக் கேட்டால் அம்புலிமாமா வில்லன்தான் ஞாபகத்துக்கு வருகிறார்.

அதைவிட மோசம் பாடகர் யெல்லோமேன், அதாவது 'மஞ்சள் மனிதன்', விஷயம். மேடையில் மஞ்சள் உடை போட்டதால் அந்தப் பெயர் வந்ததாம். யார் எழுதியது இதை? வின்ஸ்டன் ஃபாஸ்டர் என்ற அந்த மனிதர் தோலில் நிறமி இல்லாமல் பிறந்தவர். ஆதரவற்றோர் இல்லங்களில் வளர்ந்தவர். அந்த நிறத்துக்காகவே ஊர் கேலி செய்த பையன். வாங்கிய ஏச்சையே மேடைப் பெயராக வைத்துக்கொண்டு, 1982 சன்ஸ்பிளாஷில் கூட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். அந்த நிகழ்ச்சி தனி ஆல்பமாகவே வந்தது. ஒரு முழுப் பகுதிக்கு இதைவிடக் கதை வேண்டுமா? நீங்கள் அவரைச் சட்டைத் துணியில் முடித்துவிட்டீர்கள்.

பிளாக் உஹுரு 'மூன்று ஆண்கள் கொண்ட குழு' என்கிறது ஐந்தாம் பகுதி. 1981 அஞ்சலி மேடையில் நின்ற அந்த மூவரில் மைக்கேல் ரோஸும் டக்கி சிம்ப்ஸனும் ஆண்கள். மூன்றாவது ஆள் பூமா ஜோன்ஸ், பெண். அமெரிக்காவின் தென் கரோலினாவிலிருந்து வந்தவர். பாட்டைக் கேட்டிருந்தாலே அவர் குரல் காதில் விழுந்திருக்கும். மார்லியோடு பாடிய மார்சியா கிரிஃபித்ஸ், ஜூடி மோவாட், ரீட்டா மார்லி மூவரும் உங்கள் தொடரில் 'பின்னணிப் பெண்கள்'. மார்சியா 1960களிலேயே ஸ்டூடியோ ஒன் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்குத் தனியாகப் பாடிக்கொண்டிருந்தவர். ஜூடியும் தன் பெயரில் ஆல்பம் போட்டவர். ஸ்டீல் பல்ஸ் கிங்ஸ்டன் குழு அல்ல, இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஹாண்ட்ஸ்வர்த் பகுதியைச் சேர்ந்தது. 'கூல் ரூலர்' என்ற பட்டப்பெயர் பாடகர் கிரெகரி ஐசக்ஸுடையது. 'கிரவுன் பிரின்ஸ்' பாடகர் டென்னிஸ் பிரவுனுடையது. இரண்டையும் மாற்றிச் சொல்லியிருக்கிறீர்கள். சம்ஃபெஸ்ட் என்பது சன்ஸ்பிளாஷின் புதுப் பெயரும் அல்ல. 1993இல் சன்ஸ்பிளாஷ் கிங்ஸ்டனை ஒட்டிய போர்ட்மோருக்குப் போன அதே ஆண்டு மான்டேகோ பேயில் தொடங்கிய வேறு விழா அது.

இதெல்லாம் திருத்தக்கூடிய பிழைகள். எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது ஏழாம் பகுதியில்.

'பாடகர்களுடன் மற்றும் குழுவினர்' என்று ஒரு வாக்கியம். கருவி வாசித்தவர்கள் பற்றி எட்டுப் பகுதியிலும் உள்ளது அவ்வளவுதான். நான் முப்பது வருடமாக ஒரு ஆர்கெஸ்ட்ராவில் பேஸ் கிட்டார் வாசிப்பவன். திருவிழா ஃபிளெக்ஸில் பாடகர்கள் முகமெல்லாம் மாலையோடு இருக்கும். கீழே பொடி எழுத்தில் இதே மூன்று சொல்லில் இரண்டு இருக்கும். அதனால் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே சுட்டிருக்கலாம். ஆனால் சன்ஸ்பிளாஷ் விஷயத்தில் இது வெறும் மரியாதைக் குறைவு இல்லை, வரலாற்றுப் பிழை. அது இரவில் தொடங்கி விடியும்வரை போகிற விழா. பாடகர் வருவார், நாலைந்து பாட்டுப் பாடுவார், இறங்குவார். அடுத்தவர் ஏறுவார். வாசிக்கிறவர்கள் பலருக்கு இறங்க நேரமே இருக்காது. லாயிட் பார்க்ஸ் பேஸ் வாசித்துக்கொண்டு நடத்திய வீ த பீப்புள் குழு அப்படி எத்தனையோ பாடகர்களைத் தாங்கிய குழு. அவர் தானே பாடகரும்கூட. கிரெகரி ஐசக்ஸுக்கு வாசித்தது ரூட்ஸ் ராடிக்ஸ் குழு: பேஸில் ஃபிளாபா ஹோல்ட், டிரம்ஸில் ஸ்டைல் ஸ்காட். பிளாக் உஹுருவுக்கு டிரம்ஸில் ஸ்லை டன்பாரும் பேஸில் ராபி ஷேக்ஸ்பியரும். இவர்களில் ஒருவர் பெயர்கூட உங்கள் தொடரில் இல்லை.

'ரெக்கேயில் டிரம்ஸ் எளிமையானது' என்று வேறு போகிறபோக்கில் சொல்கிறீர்கள். மார்லியின் வெயிலர்ஸ் குழுவில் டிரம்மர் கார்ல்டன் பாரட் வாசித்த 'ஒன் டிராப்' என்ற தாளத்தில், நாலு எண்ணிக்கையில் முதல் எண்ணிக்கை காலி. காலால் அடிக்கும் கிக் டிரம்மும் குச்சியால் அடிக்கும் ஸ்நேர் டிரம்மும் சேர்ந்து மூன்றில்தான் விழும். இரண்டிலும் நாலிலும் கிட்டார் வெட்டும். ராகத்தைச் சுமப்பது பேஸ். கார்ல்டனின் அண்ணன் ஆஸ்டன் 'ஃபேமிலி மேன்' பாரட் வாசித்த பேஸை எடுத்துவிட்டால் அந்தப் பாட்டுகளில் பாதி நிற்காது. எளிமையாம்! எங்கள் டிரம்மர் கெட்டிக்காரர். அவரை ஒருநாள் ஒத்திகையில் இப்படி வாசிக்கச் சொன்னேன். இரண்டு நிமிடம் தாக்குப்பிடித்தார். பிறகு அவரை அறியாமல் கால் முதல் எண்ணிக்கையில் போய் விழுந்துவிட்டது. ஆயுள் முழுக்கப் பழகிய கால், முதல் எண்ணிக்கையைச் சும்மா விடச் சம்மதிக்கவில்லை.

கதைசொல்லியின் குரல் நன்றாக இருக்கிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். 1981இல் அமெரிக்கப் பாடகர் ஸ்டீவி வொண்டர் வந்து தேர்ட் வேர்ல்ட் குழுவோடு சேர்ந்து பாடிய இடத்தை அழகாகச் சொன்னார். அந்த மூன்று நிமிடம்போல மற்ற எட்டு மணி நேரமும் இருந்திருந்தால் நான் இப்போது பேனாவை எடுத்திருக்க மாட்டேன்.

நான் கேட்பது இதுதான். மேலே சொன்னவற்றையெல்லாம் திருத்தி மறுபடி பதிவேற்றுங்கள். ஒவ்வொரு பகுதியின் விவரக் குறிப்பிலும் பாடியவர்களோடு வாசித்தவர்கள் பெயரையும் போடுங்கள். 'ஒவ்வொரு கலைஞரின் கதை' என்ற விளம்பர வரியை அதுவரை எடுத்துவிடுங்கள். முடியாது என்றால் 499 ரூபாயை, கட்டிய கணக்குக்கே திருப்பி அனுப்புங்கள். பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்வேன். தேவைப்பட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கும் போவேன்.

தயவுசெய்து கூப்பன் அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்,
பேஸ் கிட்டார் வாசிப்பவர்.

இணைப்பு:
பணம் கட்டிய ரசீது நகல்.
பிழை வரும் இடங்களின் நிமிடக் கணக்கு, இரண்டு பக்கம்.
நீங்கள் அனுப்பிய கூப்பன், பயன்படுத்தாதது.