கணக்கை மூடுவதற்கு முன்னால் பட்டியலை எடுத்துக்கொள்

பாளையங்கோட்டை
ஐப்பசி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். மழை விட்டு விட்டுப் பெய்கிறது. அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை. ஆச்சி வீட்டுப் பத்திர விஷயத்தை அக்காவே பார்த்துக்கொள்கிறாள், நீ அதை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். போனில் எதையாவது சொல்ல ஆரம்பித்தால் "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுகிறாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன தடவை பேசும்போது, படித்த புத்தகங்களைப் பதிந்து வைக்கும் குட்ரீட்ஸ் தளத்தில் உன் கணக்கை மூடப் போவதாகவும், வேறு தளத்துக்கு மாறலாமா என்று பார்ப்பதாகவும் சொன்னாய். ஏன் என்று கேட்டேன். "சும்மாதான்" என்றாய். சரி, சும்மாவாகவே இருக்கட்டும். மூடுவதற்கு முன்னால் உன் பட்டியலை இறக்கி வைத்துக்கொள். கைபேசிச் செயலியில் தேடாதே. கணினியில் தளத்தைத் திறந்து உன் புத்தகங்கள் இருக்கும் பக்கத்துக்குப் போனால் இறக்குமதி, ஏற்றுமதி என்று ஓர் இடம் இருக்கும். அங்கிருந்து எல்லாம் ஒரே சிஎஸ்வி கோப்பாக, அதாவது அட்டவணையாகத் திறக்கிற கோப்பாக, வந்துவிடும். தலைப்பு, ஆசிரியர், நீ போட்ட நட்சத்திரம், முடித்த தேதி, எழுதிய மதிப்புரை எல்லாம் அதில் இருக்கும். கணக்கை அழித்த பிறகு தேடினால் ஒன்றும் கிடைக்காது. கல்லூரியில் சேர்ந்த வருஷத்திலிருந்து நீ எழுதியதெல்லாம் அதில்தான் இருக்கிறது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்தத் தளங்கள் நிலையாக இருப்பவை இல்லை. ஷெல்ஃபாரி என்று ஒன்று இருந்தது. 2006-இல் வந்தது. 2008-இல் அமேசான் வாங்கியது. 2016-இல் அதை மூடி குட்ரீட்ஸோடு சேர்த்துவிட்டார்கள். குட்ரீட்ஸ் 2007-இல் திறந்தது, அதுவும் 2013-இல் அமேசான் கைக்குப் போய்விட்டது. நம் சித்தப்பாவையே எடுத்துக்கொள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் சிந்துபூந்துறை வீட்டுக்குள் ஆற்றுத் தண்ணீர் வந்து புத்தகமெல்லாம் போனது. அவருக்கு இன்றுவரை பெரிய வருத்தம், என்னென்ன வைத்திருந்தோம் என்றே முழுசாக நினைவு வரவில்லை என்பதுதான். ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாலாவது ஒவ்வொன்றாகத் தேடி வாங்கியிருப்பேன் என்கிறார்.

அப்புறம், எதில் சேர்வது என்று கேட்டாய். நீ கேட்டது பேச்சுக்காக இருக்கலாம். நான் அதை நிஜமாகவே எடுத்துக்கொண்டு அக்காவின் கணினியில் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தேன். கிளை நூலகத்தில் உட்கார்ந்து பழகிய கண்ணுக்கு என்ன படுமோ அதைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்துப் போர்ட்லண்டில் டிம் ஸ்பால்டிங் என்பவர் 2005-இல் தொடங்கியது லைப்ரரிதிங். என்னைக் கேட்டால் நூலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு உடனே பிடித்துப்போகும் இடம் அது. முன்பு இருநூறு புத்தகத்துக்கு மேல் சேர்க்கப் பணம் கேட்டார்கள், 2020-இலிருந்து இலவசம். ஒரு புத்தகத்தைச் சேர்க்கப் போனால் உலகத்து நூலகங்களின் அட்டவணையிலிருந்து விவரத்தை எடுத்துத் தருகிறது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 1960-களிலிருந்தே தில்லியில் அலுவலகம் வைத்துத் தமிழ்ப் புத்தகங்களை வாங்கிச் சேர்த்திருக்கிறது. அதனால் நம்மூர்ப் பழைய பதிப்புகள்கூட அகப்படுகின்றன. என்ன, தலைப்பு ரோமன் எழுத்தில் மேலும் கீழும் புள்ளி கோடு போட்டு வரும். அதை அழித்துவிட்டுத் தமிழில் அடித்துக்கொள்ளலாம். அலமாரியில் இருப்பதை ஒழுங்காகப் பதிந்து வைக்க இதைவிட நல்ல இடம் நான் பார்க்கவில்லை. ஆனால் நீ பதிந்து வைப்பதற்காகவா போகிறாய் என்று எனக்குத் தெரியவில்லை.

ஸ்டோரிகிராஃப் என்பதைப் பற்றித்தான் இப்போது எல்லோரும் பேசுகிறார்கள் என்று அக்கா சொன்னாள். நாடியா ஒடுனாயோ என்ற பெண் லண்டனிலிருந்து 2019-இல் ஆரம்பித்தது. நிரல் எழுதும் வேலையை நெடுங்காலம் ஏறக்குறைய தனி ஆளாகவே செய்திருக்கிறாள். இவள் வீட்டில் எவ்வளவு பெருமைப்படுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். குட்ரீட்ஸ் கோப்பை அப்படியே இதில் ஏற்றலாம். ஏற்றியபின் தமிழ்ப் புத்தகங்களை மட்டும் ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபார். பழைய பதிப்புகளுக்கு ஐஎஸ்பிஎன் என்ற அடையாள எண் கிடையாது, அதனால் பொருந்தாமல் நிற்கும், அல்லது வேறு எதனோடாவது ஒட்டிக்கொள்ளும். முழு நட்சத்திரம்தான் போட வேண்டும் என்ற கட்டாயம் அங்கே இல்லை. கால், அரை, முக்கால் எல்லாம் போடலாம். நாலா மூன்றா என்று நீ சாப்பாட்டு மேசையில் திண்டாடியது நினைவு வந்தது.

எனக்கு அதில் பிடித்தது வேறு. ஒரு புத்தகத்தைப் பாதியில் விட்டுவிட்டேன் என்று குறிக்க அங்கே தனியாக இடம் கொடுத்திருக்கிறார்கள். குட்ரீட்ஸில் நெடுங்காலம் மூன்றே தட்டுதான்: படித்தது, படித்துக்கொண்டிருப்பது, படிக்க வேண்டியது. பாதியில் விட்டவன் எதில் வைப்பான்? படித்துக்கொண்டிருக்கிறேன் என்றே மாசக்கணக்கில் வைத்திருப்பான். நூலகத்தில் பாதி படித்த புத்தகத்தைத் திருப்பித் தருகிறவர்கள் ஏதோ குற்றம் செய்தவர்கள் மாதிரி முகத்தைக் கீழே போட்டுக்கொண்டு நீட்டுவார்கள். நான் ஒருவரையும் ஏன் என்று கேட்டதில்லை. சேரவில்லை என்றால் விட்டுவிட வேண்டியதுதானே. எடுத்த எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும் என்று யார் சொன்னது? புத்தகத்தைத்தான் சொல்கிறேன்.

படித்தது எந்த மனநிலையைத் தந்தது என்றும் அந்தத் தளம் கேட்கிறது. இருண்டது, சோகமானது, நம்பிக்கை தருவது என்று நீ குறித்தவற்றை வைத்து வட்டப்படம் போட்டுக் காட்டுகிறது. அதை நீ எல்லோருக்கும் திறந்து வைக்காதே. நானும் பார்க்க வேண்டாம். பார்த்தால் எனக்கு வேறு வேலை ஓடாது.

வருஷத்துக்கு இத்தனை புத்தகம் என்று எண்ணிக்கை வைத்து ஓடுவதை இந்தத் தடவையாவது விடு. பொங்கலுக்கு முன்னால் நீ போட்ட எண்ணைப் பார்த்தபோதே, வேலையும் பார்த்துக்கொண்டு எப்படி முடிப்பான் என்று நினைத்தேன். அப்புறம் மாதா மாதம் நீ பின்தங்கியிருப்பதாக அது காட்டிக்கொண்டே இருந்தது. படிக்கிற பிள்ளையை இப்படி விரட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை.

ஃபேபிள் என்று இன்னொன்று இருக்கிறது, குழுவாகச் சேர்ந்து படிக்கிறவர்களுக்கு. 2024 முடியும் நேரத்தில், அவரவர் படித்ததைப் பற்றி செயற்கை நுண்ணறிவு இயந்திரத்தைக் கொண்டு ஆண்டுச் சுருக்கம் எழுத வைத்தார்கள். சிலருக்கு இனத்தைக் குறித்தெல்லாம் குத்தலாக எழுதிவிட்டது. பின்பு மன்னிப்புக் கேட்டு அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். நீ என்ன படிக்கிறாய் என்று பார்த்து ஓர் இயந்திரம் உன்னைச் சீண்டுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. புக்விர்ம் என்பது நேர்மாறு. விளம்பரம் கிடையாது, மூல நிரல் திறந்தே இருக்கிறது, ஆர்வமுள்ளவர்கள் சிறு சிறு குழுவாக அவரவர் வழங்கியில் (சர்வரில்) நடத்துகிறார்கள். நாலு நண்பர்கள் சேர்ந்தால் நீங்களே ஒன்று நடத்தலாம், உனக்கு அந்த வேலை தெரியும். நடத்துகிறவர் களைத்துப்போனால் அது நின்றுவிடும் என்பதுதான் குறை. அங்கே போனாலும் பட்டியலின் பிரதி உன் கையில் இருக்க வேண்டும்.

குட்ரீட்ஸ் அவ்வளவு மோசமா என்றால், இல்லை. கூட்டம் அங்கேதான். தமிழில் மதிப்புரை எழுதுகிறவர்களும் மற்ற இடங்களைவிட அங்கேதான் அதிகம் என் கண்ணில் பட்டார்கள். ஒரே புத்தகம் தமிழில் ஒரு தடவை, ஆங்கில எழுத்தில் நாலு விதமாக என்று சிதறிக் கிடக்கும். தன்னார்வலர்கள் உட்கார்ந்து சேர்த்து வைக்கிறார்கள். நீயும் அந்த வேலையைச் செய்தாய், எனக்குத் தெரியும். பொருநை நெல்லைப் புத்தகத் திருவிழாவில் ஒரு பையன், நீ எழுதிய மதிப்புரையைப் படித்துத்தான் அந்த நாவலை வாங்க வந்தேன் என்று அக்காவிடம் சொன்னான். அக்கா உன் பெயரைச் சொல்லி என் தம்பி என்றதும் அவன் முகம் மலர்ந்ததாம். அதை அவள் வந்து சொன்ன ராத்திரி அப்பா அந்த மதிப்புரையைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். நடுவில் நிறுத்தி, "இவன் இவ்வளவு எழுதுவானா?" என்றார். உன்னிடம் அவர் சொல்லியிருக்க மாட்டார்.

அவ்வளவு எழுதுகிறவன் ஆனித் தேரோட்டத்துக்கு வந்துவிட்டுப் போனதிலிருந்து ஒரு வரிகூட எழுதவில்லை. எனக்கு அது புரியவில்லை.

நீ எரிச்சல்படுவாய், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். என் நட்பு வேண்டுகோளை நீ ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து, படுக்கப் போகும் முன் உன் பக்கத்தை ஒரு தடவை பார்த்துவிடுவேன். இன்று இத்தனையாவது பக்கம் என்று இருந்தால் பிள்ளை சாப்பிட்டு, வேலைக்குப் போய் வந்து, நிம்மதியாகப் படித்துக்கொண்டிருக்கிறான் என்று எடுத்துக்கொள்வேன். நீ போன் செய்யாத வாரங்களில் எனக்கு அதுதான் கடிதம். ஆடி கழிந்ததும் படிக்க வேண்டியவை தட்டில் தூக்கமின்மை பற்றி அடுத்தடுத்துப் புத்தகங்கள் சேர்ந்தன. வேலையை விடுவது பற்றியும் ஒன்று இருந்தது. பிறகு ஒரு நாள் எல்லாம் காணோம். அதைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. தூங்குகிறாயா என்று மட்டும் போனில் கேட்டேன், தூங்குகிறேன் என்றாய்.

நூலகத்தில் ஒரு தகப்பனார் வந்து, என் மகள் என்னென்ன எடுத்துப் போகிறாள் என்று கேட்டார். இரவல் பதிவேட்டை நான் திறக்கவே இல்லை. ஒருவர் படிப்பது அவருக்கும் புத்தகத்துக்கும் நடுவில் உள்ளது என்று இருந்தவள் நான். அதனால் உன் பக்கத்தை நீ மூட வேண்டுமென்றால் எனக்கு வருத்தமில்லை, மூடிக்கொள். இந்தத் தளங்களில் பக்கத்தை எல்லோருக்கும் காட்டாமல் வைக்க வழி இருக்கிறது. சேர்ந்தவுடன் முதல் வேலையாக அமைப்புகளில் போய் அதைச் செய்.

ஆனால் அதே நூலகத்தில், தினமும் வருகிற ஒருவர் கொஞ்ச நாள் வரவில்லை என்றால் நான் கவனித்துவிடுவேன். செய்தித்தாள் மேசையில் உட்காரும் பெரியவரிடம் விசாரிப்பேன். காய்ச்சல் என்பார், மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார் என்பார். ரசிகமணி டி.கே.சி. வண்ணார்பேட்டை வீட்டில் கூட்டிய வட்டத்தொட்டி என்ற இலக்கியக் கூட்டமும் அப்படித்தானே. கம்பனை ரசிக்க வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து உட்கார்ந்தார்கள். வராதவரைப் பற்றி யாராவது ஒருவர் கேட்டிருப்பார். லட்சக்கணக்கான பேர் இருக்கிற இடத்தில் ஒருவன் பேசாமல் போனால் யாருக்குத் தெரியும்?

நீ தளத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இதையும் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. நட்சத்திரம், வட்டப்படம் எல்லாம் எதில் வேண்டுமானாலும் இருக்கட்டும். கல்லூரி விடுதியில் உன்னோடு ராத்திரி முழுக்கப் புத்தகம் பேசிய பையன்கள் எந்தத் தளத்தில் இருக்கிறார்களோ அங்கே போ. நாலைந்து பேர் போதும். நீ ஒரு மாதம் எதுவும் பதியவில்லை என்றால் "என்னப்பா ஆச்சு?" என்று கேட்கிறவர்களாக இருக்க வேண்டும். அந்த நாலைந்து பேரில் நான் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நிஜமாகத்தான் சொல்கிறேன். அவர்கள் கேட்டால் "சும்மாதான்" என்று சொல்லாதே.

படிக்கவே பிடிக்கவில்லை என்றால் அதையும் சொல். கொஞ்ச நாள் படிக்காமல் இரு, ஒன்றும் குடிமுழுகிப் போகாது. தீபாவளிக்கு வர முடிகிறதா பார். டிக்கெட் கிடைக்கவில்லை என்றால் அப்பாவும் நானும் அங்கே வருகிறோம். சமையல், தூக்கம் தவிர வேறு எதைப் பற்றியும் பேச மாட்டோம்.

நார்த்தங்காய் ஊறுகாயும் மோர் மிளகாயும் அக்கா பார்சலில் அனுப்புகிறாள். காவலாளியிடமே கிடக்கட்டும் என்று விட்டுவிடாமல் அன்றைக்கே மேலே எடுத்து வை. கோப்பை இறக்கியதும் ஒரு பிரதியை அக்காவின் மின்னஞ்சலுக்குத் தட்டிவிடு. அவள் திறந்து பார்க்க மாட்டாள், பத்திரமாக வைத்திருப்பாள். இறக்கிவிட்டேன் என்று எனக்கு ஒரு வரி போடு, ராத்திரி எத்தனை மணியானாலும் சரி.

அன்புடன்
அம்மா