கம்போடியாவின் சியாம் ரீப்பில் இருக்கும் என் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை அங்கே போய்ச் சேர்ந்து இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் உங்கள் கையில் கொடுப்போம் என்று உங்களை அழைத்துப் போகும் ஆசிரியை சொன்னார். அதற்குள் சில வகுப்பு எடுத்து முடித்திருப்பாய். தொண்டை கட்டியிருக்கும். உன் பையில் பக்கத்து ஜிப்புக்குள் பனங்கற்கண்டு வைத்திருக்கிறேன், வாயில் போட்டுக்கொள்.

பாலர் பள்ளியில் நான் செய்கிற வேலை உனக்குத் தெரியும். வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசுகிற பிள்ளைகளின் வாயில் தமிழைக் கொண்டுவருவது. இப்போது தொண்டூழியமாக அந்தக் கிராமத்துப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போயிருக்கும் உன் வேலையும் ஏறக்குறைய அதேதான், மொழி மட்டும் வேறு. அதனால் ஒரு டீச்சர் இன்னொரு டீச்சருக்குச் சொல்வதாக எடுத்துக்கொள்.

வகுப்பே சேர்ந்து உரக்கச் சொன்னால் பாடம் ஏறிவிட்டது என்று நம்பிவிடாதே. கூட்டத்தோடு வாயசைக்கிற பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. என் வகுப்பில் ஒரு பையன் பாட்டு முழுவதையும் மற்றவர்களோடு சேர்ந்து பாடுவான். தனியாகக் கூப்பிட்டு யானைப் படத்தைக் காட்டினால் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பான். தினமும் கொஞ்ச நேரம் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, படத்தைக் கையால் மறைத்துத் தும்பிக்கை, கண், காது என்று ஒவ்வொன்றாகத் திறந்து காட்டுவேன். ஒரு நாள் யாரும் கேட்காமலே, "டீச்சர், யானைக்குக் காது கிழிஞ்சிருக்கு" என்றான். படத்தில் அந்த மூலை உண்மையாகவே கிழிந்துதான் இருந்தது. அங்கேயும் கடைசி வரிசையில் இப்படி ஒரு பிள்ளை இருக்கும். அதன் பக்கத்தில் போய் உட்கார்.

நீங்கள் சாப்பாட்டு மேசையில் லேமினேட் செய்த அட்டைகளில் பனி மனிதனையும் இக்லூவையும் எடுத்துவிட்டு எருமை, பலாப்பழம், தாமரை வைக்கச் சொன்னபோது நீ முகத்தைச் சுளித்தாய். அந்தப் பிள்ளைகள் எருமையைத் தினமும் பார்க்கிறவர்கள். தெரிந்த பொருளுக்குப் புதுச் சொல் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். பொருளும் புதிது, சொல்லும் புதிது என்றால் பாவம், எதைத்தான் பிடித்துக்கொள்ளும்?

அவர்கள் பேசும் கெமர் மொழியில் வினைச்சொல் காலத்துக்கு ஏற்ப மாறாது. பன்மைக்கென்று விகுதியும் கிடையாது. அதனால் பிள்ளைகள் "யெஸ்டர்டே ஐ கோ" என்றுதான் சொல்லும். சொல்லின் கடைசியில் வருகிற 'ஸ்' நாக்கில் நிற்காது. திருத்தித் திருத்தி வாயை அடைத்துவிடாதே, முதலில் பேசட்டும். நம் பாட்டி சிங்கப்பூரில் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியில் படித்தவர். 1982-ல் மூடினார்களே, அந்தப் பள்ளி. வேலைக்குப் போன பிறகு இரவு வகுப்பில் சேர்ந்துதான் ஆங்கிலம் கற்றார். "எவ்வளவு தப்பாப் பேசினாலும் அந்த வாத்தியார் சிரிச்சதே இல்ல" என்று இன்றைக்கும் சொல்வார்.

முக்கியமாகச் சொல்ல வந்தது நீ பாடம் நடத்தும் கிராமத்துப் பள்ளியின் ஆசிரியையைப் பற்றி. 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியில் அந்த நாட்டில் பள்ளிக்கூடங்களை மூடிவிட்டார்கள். ஆசிரியர்களை ஏராளமாகக் கொன்றார்கள். அதற்குப் பிறகு, கொஞ்சம் தெரிந்தவர் ஒன்றும் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுத்துத்தான் படிப்பு மறுபடி எழுந்தது. அந்த வழியில் வந்த ஒருவர்தான் உன் பக்கத்தில் சாக்கட்டியோடு நிற்கிறார். நீ விமானம் ஏறிய மறுநாளும் அந்த வகுப்புக்கு வரப்போகிறவர் அவர். பிள்ளைகள் 'நியக் குரு' என்று கூப்பிடுவார்களாம், நீயும் அப்படியே கூப்பிடு. எதை நடத்தலாம் என்று அவரிடம் கேட்டு நடத்து. அவர் உச்சரிப்பு எப்படி இருந்தாலும் பிள்ளைகள் முன்னால் திருத்தாதே. விளையாட்டுகளை அவரையே நடத்தச் சொல்லிவிட்டு நீ பிள்ளைகளோடு உட்கார். அட்டைகளை எல்லாம் அவர் கையில் கொடுத்துவிட்டு வா. நீங்கள் கிளம்பும்போது பிள்ளைகளின் கண்ணுக்கு அவர் முன்பைவிட உயர்ந்து தெரிய வேண்டும் என்பதுதான் என் ஆசை.

பெற்றோர் சந்திப்பில் நான் முதலில் கேட்டது, ஆதரவற்றோர் இல்லத்துக்கா போகிறார்கள் என்றுதான். கிராமத்துப் பள்ளி என்றதும்தான் நிம்மதியானது. கம்போடியாவில் அப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருப்பதை யுனிசெஃப் 2011-லேயே வெளியிட்டது. பார்க்க வருகிறவர்களும் நன்கொடையும் பெருகப் பெருக இல்லங்களும் பெருகின. வறுமையால் பெற்றவர்களே அனுப்பிவிடுகிறார்கள். தொண்டூழியம் என்று போய் அதற்குத் துணைபோக வேண்டாமே! படம் எடுக்கிற விஷயமும் அப்படித்தான். உன் வகுப்புப் பிள்ளையை யாரோ ஒருவர் படமெடுத்துப் போட்டால் உனக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்.

அப்புறம், டிசம்பர் அங்கே அறுவடைக் காலம். சில பிள்ளைகள் வராமல் போகலாம், வயலில் வேலை இருக்கும். ஆர்வமில்லை என்று எண்ணிவிடாதே, மறுநாள் வந்தால் விட்ட பாடத்தைச் சொல்லிக்கொடு.

ஒரு மாலையாவது அவர்களை உனக்கு டீச்சராக்கு. மாமல்லபுரத்தில் கல்லில் பார்த்தோமே பல்லவ எழுத்து, கெமர் எழுத்து அதன் வழியில் வந்ததுதான். மெய்யெழுத்து மட்டும் 33. உன் பெயரை எழுதித்தரச் சொல்லி, பார்த்து எழுதிக் காட்டு. நீ எழுதுவதைப் பார்த்துச் சிரிப்பார்கள், நன்றாகச் சிரிக்கட்டும். நேற்று வாய் திறக்காத பிள்ளைகூட உன் கையைப் பிடித்துத் திருத்த வரும்.

கிளம்புவதற்கு முன் அந்த ஆசிரியைக்கு என்னென்ன தேவை என்று அவரிடமே கேட்டுக் குறித்துக்கொண்டு வா. அடுத்த ஆண்டு போகிற ஜூனியர்களுக்குக் கொடுக்கலாம். கொசு மருந்தை மறக்காதே. அப்பா சாங்கி விமான நிலையத்துக்கு வந்துவிடுவார்.

அன்புடன்,
அம்மா